அம்மா ஏறாத கப்பல்

போர்ட் பிளேயரிலிருந்து ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பப் போகிறது என்றால் முதலில் அம்மி போகும். பிறகு தண்ணீர் டிரம், கோழிகள், விறகு, கொடிக்கயிறு. கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். கப்பல் வரும் நாள் தெரிந்ததுமே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து, இது எனக்கு, அது எனக்கு என்று சொல்லிவைத்துவிட்டுப் போவார்கள். துக்க வீடானாலும் அப்படித்தான். அப்பா காய்ச்சலில் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பியூன் வீட்டு மதினி எங்கள் அம்மியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது அழுதாள். அழுதுகொண்டே திரும்பி வந்து குழவியையும் எடுத்துக்கொண்டாள்.

அப்பா இராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்து அரசாங்க வேலையில் மேஸ்திரியாக இருந்தவர். அறுபதுகளின் தொடக்கம் அது. அவர் போனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊர் திரும்ப எங்களுக்கு இலவசமாகக் கப்பல் டிக்கெட் உண்டு. புருஷனை இழந்தவள் ஒன்பது வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு இந்தத் தீவில் என்ன செய்வாள், போகத்தான் வேண்டும் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. தைக்க வாங்கியிருந்த ரவிக்கைகளை முடித்துக் கொடுத்துவிட்டுத்தானே கப்பலேற முடியும்? தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா கல்யாணமான புதிதில் சென்னையிலிருந்து தருவித்துக் கொடுத்த கைமெஷின் அது. குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு அதில்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் புறப்படும் நாள் ஜெட்டியில் நல்ல கூட்டம். அம்மா தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் மெஷின், மெஷின் மேல் அவள் கை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கூட்டத்தில் எங்களைத் தேடிப் பிடித்து வந்தார். வேலை தேடி இதே கப்பலில் வந்து இறங்கியவர். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அவரிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மனிதர் மேல் குற்றமில்லை. நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

"மெஷினைப் பத்திரமாக் கொண்டாரச் சொன்னாக. பெரியவுக மகளுக்குத் தையில கல்யாணம். சீர்ல வைக்க ஆகும்னாக. நீங்களும் கூடமாட ஒத்தாசையா இருந்துக்கிறலாம்னு சொன்னாக."

"மெஷினு சீருக்கு. நான் அடுப்படிக்கா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா எழுந்தாள். பெட்டியைத் தூக்க நின்றிருந்த கூலியாளிடம் திரும்பி நட என்று கையைக் காட்டினாள். கப்பலுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் கீழே இறங்க, நாங்கள் மூன்று பேர் மட்டும் மேட்டில் ஏறினோம். எனக்குப் பயமாக இருந்தது. ஊரில் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட பனங்கிழங்கும் போயிற்றே என்று அழுகையும் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அழுகையை அடக்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அம்மா செய்ததை அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை வெகுகாலம் பேசியது. ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டாள். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. மரியாதையைப் பார்த்தால் இரவு சோறு எதில் பொங்குவது? பியூன் வீட்டு மதினி எங்கள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். "அரைச்சு முடிங்க மதினி, நான் நிக்கிறேன்" என்று அம்மா வாசலிலேயே நின்றாள். தெலுங்குக்காரர் வீட்டில் எங்கள் கொடிக்கயிற்றில் ஈரத்துணி தொங்கியது. துணிகளை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். அந்த வீட்டுக்காரர் உள்ளே திரும்பி, "பாகல் ஹோ கயீ" என்றார். பைத்தியம் பிடித்துவிட்டதாம். எங்கள் வீட்டில் தமிழ், அவர் வீட்டில் தெலுங்கு என்றாலும் தெருவுக்கெல்லாம் இந்திதான், அம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது. "ஹாங், பாகல்" என்று ஒப்புக்கொண்டு கயிற்றைச் சுற்றிக்கொண்டாள். கோழிகள் மட்டும் திரும்பவில்லை. மலையாளத்து வீட்டில் அதற்குள் குழம்பாகியிருந்தன. அம்மா ஒரு கிண்ணம் குழம்பு வாங்கிக்கொண்டு வந்தாள்.

சாமான் சேர்ந்துவிட்டது, வைக்க வீடு இல்லை. குவார்ட்டர்ஸ் சாவியைக் காலையிலேயே ஒப்படைத்தாயிற்று. தெருவில் அம்மியோடு நின்றுகொண்டிருந்தோம். சிப்பிகாட் கிராமத்திலிருந்து பஜாருக்குக் கீரை கொண்டுவரும் வங்காளி அம்மாள் ஒருத்தி காலிக் கூடையோடு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவிடம் ரவிக்கை தைப்பவள். அவளே எல்லை தாண்டி அகதியாக வந்து, அரசாங்கம் கொடுத்த நிலத்தில் குடியேறியவள்தான். சாமானோடு தெருவில் நிற்பது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்களைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், "சலோ" என்றாள். குழவியை அவளே தன் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டாள்.

அவள் வீட்டு ஓரத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தோம். சிப்பிகாட் பெண்களுக்கெல்லாம் அம்மா தைத்தாள். பிறகு பஜாருக்கு மேலே மேட்டில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே வரிசையில் இருந்த அறைகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். முன்பக்கம் மெஷின், பின்பக்கம் அடுப்பு, நடுவில் நாங்கள். அந்த வரிசை ஒரு தமிழ்க் காண்ட்ராக்டருக்குச் சொந்தம். திருநெல்வேலிக்காரர், ரோடு போடும் வேலைகளை எடுத்துச் செய்பவர். அவர் வீடும் எங்கள் அறையிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

அம்மாவை அந்தப் பக்கத்தில் எல்லோரும் தர்ஜி அம்மா என்று கூப்பிட்டார்கள். தர்ஜி என்றால் இந்தியில் தையல்காரர். அந்தமானில் தையல் தொழில் என்பது துணியோடு மட்டும் போராடுவது அல்ல, மழையோடும் போராடுவது. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. நனைத்த துணி காயாது, காய்ந்த துணி மறுபடி ஈரமாகும், ஊசி துருப்பிடிக்கும். அம்மா எந்தத் துணியையும் நனைத்துக் காயவைக்காமல் கத்தரி வைக்க மாட்டாள். அடுப்புக்கு மேலே, தெலுங்கு வீட்டிலிருந்து மீட்டுவந்த அதே கயிற்றில்தான் எல்லாம் காயும். அதனால் அவள் தைத்த ரவிக்கைகளிலெல்லாம் புகை வாசம் அடிக்கும். 'தர்ஜி அம்மா ரவிக்கையில் குழம்பு வாசமும் இலவசம்' என்று மலையாளத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். கேலி செய்துவிட்டு அடுத்த துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

நூலும் கப்பலில்தான் வரவேண்டும். ஒரு தடவை கப்பல் தள்ளிப்போய், பஜாரில் பச்சை நூலைத் தவிர வேறு இல்லாமல் போயிற்று. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் எந்த ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தாலும் உள்ளே பச்சைத் தையல் ஓடும். அம்மாவுக்கு அதில் வெட்கமே இல்லை. வெளியே தெரியாத இடத்தில் எந்த நிறம் இருந்தால் என்ன என்பாள்.

வெட்கப்படவேண்டிய விஷயங்களைப் பற்றி அவளுக்கென்று தனிக் கணக்கு இருந்தது. அப்பா போன பிறகும் கலர்ச் சேலைதான் கட்டினாள். இருக்கிற சேலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் புதுசாய் வெள்ளை வாங்க எனக்கென்ன வந்தது என்று கேட்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று பியூன் வீட்டு மதினி எச்சரித்தாள். மூட வேண்டாம், பேசிவிட்டுப் போகட்டும், பேசுகிற வாய்க்குத்தான் வலி என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஆனால் ஒரு விஷயம் அவளை உறுத்தியது. வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர்கள் எல்லோரும் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் தமிழ் வீடுகள்தான் பார்த்துப் பார்த்துக் கொடுத்தன. பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை, தலையணை உறை, கிழிந்த வேட்டி எல்லாம் எங்களுக்கு. கல்யாண ரவிக்கை, பெரியமனுஷியான பெண்ணின் தாவணி ரவிக்கை, வளைகாப்புத் துணி மட்டும் பஜாரில் இருந்த ஆண் தையல்காரரிடம் போகும். தாலியறுத்தவள் கை அதில் படக்கூடாது. யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பாள். சொல்லாமல் செய்வதுதான் எரிச்சல். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

மேட்டுக்கு நாங்கள் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும், காண்ட்ராக்டர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை மெயின்லேண்டில். தீவில் முகூர்த்தத்தைப் பஞ்சாங்கம் பாதி, கப்பல் பாதி தீர்மானிக்கும். மாப்பிள்ளை வீட்டார் வருகிற கப்பல் திரும்புவதற்குள் தாலி கட்டி, அதே கப்பலில் பெண்ணையும் ஏற்றி அனுப்பவேண்டும். முகூர்த்த ரவிக்கை தைக்கச் சொல்லி அளவு ரவிக்கை ஒன்றை முன்கூட்டியே கப்பலில் சென்னைக்கு அனுப்பினார்கள். கூப்பிடு தூரத்தில் எங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் கேட்கும்.

அளவு ரவிக்கையை அனுப்பியவர்கள் அதோடு சும்மா இருந்திருக்கலாம். கல்யாணப் பெண் ஒல்லியாக இருக்கிறாளே, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று கவலைப்பட்டு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் மீனுமாக மாதக்கணக்கில் ஊட்டினார்கள். ரவிக்கை ஒல்லிப் பெண்ணுக்குத் தைத்து வந்தது. பெண் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தாள். கப்பல் வந்த அன்று, கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் போட்டுப் பார்த்தால் கையும் ஏறவில்லை, கொக்கியும் எட்டவில்லை. பஜார் தையல்காரர் முந்தின கப்பலில் ஊருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் பின்பக்கத்து அடுப்படி வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். காண்ட்ராக்டரின் அக்கா, பெண்ணுக்கு அத்தை. குடைக்குள் மறைத்து ஒரு பொட்டலம். ரவிக்கையைப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்துத் தரவேண்டும், ஆனால் தைத்தது யார் என்று வெளியே தெரியக்கூடாது, வீட்டிலேயே சரிசெய்துகொண்டதாகச் சொல்லிக்கொள்கிறோம் என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். அம்மா பொட்டலத்தைத் தொடவே இல்லை.

"பொண்ணோட அம்மா வரட்டும். பொண்ணையும் கூட்டிட்டு வரட்டும். வெளிச்சம் இருக்கையில, முன் வாசல் வழியா வரட்டும். தச்சுத் தாரேன்."

"யாரு எடத்துல குடியிருக்கேன்னு நெனப்பு இருக்காட்டீ ஒனக்கு?" என்றாள் அத்தை.

"இருக்கு. அவுக எடந்தானே, அவுக முன் வாசல்ல வர என்ன கூச்சம்?"

அத்தை பொட்டலத்தோடு போய்விட்டாள். எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. அறையைப் பிடுங்கிக்கொண்டால் எங்கே போவோம்? மறுபடியும் அம்மியைத் தூக்கிக்கொண்டு தெருவிலா? தைத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"ஒரு தடவ பின் வாசல்ல வாங்குனா, பெறகு பின் வாசல்தான் நமக்கு. அறை போனா வேற அறை. இது போனா வேற கெடைக்காது."

சொன்னாளே தவிர அவளுக்கும் பயம்தான். அன்று சோற்றில் உப்புப் போட மறந்திருந்தாள். நான் அதைச் சொல்லவில்லை, அவளும் கவனிக்காதவள் போல் சாப்பிட்டு முடித்தாள்.

காலையில் அம்மா முன் வாசலைக் கழுவி, எப்போதும்போல் மெஷினை வாசலோரம் வைத்து உட்கார்ந்தாள். வெகுநேரம் யாரும் வரவில்லை. வரிசை முழுக்க விஷயம் பரவியிருந்தது. தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள்கூட எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மழை விட்டு வெயில் லேசாக வந்தபோது காண்ட்ராக்டரின் மனைவி மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நேர்ப்பாதையில் நடந்து வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. எங்கள் வாசல் படியில் ஏறுவதற்கு முன் ஒரு கணம் நின்று, தெருவைப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

அம்மா எழுந்து பாயை விரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்ற தோரணை துளியும் இல்லை. ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, சென்னைத் தையல்காரரைத் திட்டினாள். பிரித்துப் பெரிதாக்க உள்ளே ஒரு விரல் துணிகூட அந்த மனிதர் விட்டுவைக்கவில்லை. அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் பட்டை வைத்து ஒட்டினால்தான் ஏறும். பட்டைக்குத் துணி? முகூர்த்தப் புடவையில் தாலி ஏறுவதற்கு முன் கத்தரி படக்கூடாது என்று பெண்ணின் தாயார் பதறினாள். ரவிக்கையின் அரக்கு நிறத்தில் பளபளப்பான துணி பஜாரில் எங்கேயும் கிடையாது.

அம்மா தகரப்பெட்டியைத் திறந்து தன் கூரைச்சேலையை எடுத்துவந்தாள். அசல் பட்டு இல்லை, சின்னாளப்பட்டுதான். ஆனால் அதே அரக்கு, கொஞ்சம் மங்கியது. அவள் அதைச் சொல்லாமல் வெட்டித் தைத்திருக்கலாம். தையலுக்குள் போன துணியை யார் கேட்கப்போகிறார்கள்? சொன்னாள்.

"இது என் கல்யாணச் சேலை. இதக் கட்டினவ புருஷன் இப்ப இல்ல. தெரிஞ்சு வச்சுக்கங்க. வேணும்னா வைப்பேன், வேண்டாம்னா வேற வழி எனக்குத் தெரியல."

அந்தத் தாயாரைச் சும்மா சொல்லக்கூடாது. அவள் கண் கலங்கிவிட்டது. எதற்குக் கலங்கியது, மகளுக்காகவா, அம்மாவுக்காகவா என்று எனக்கு இன்றும் தெரியாது. கல்யாணப் பெண்தான் பேசினாள். அவளுக்குப் பதினெட்டு வயது இருக்கும்.

"வச்சுத் தைங்கக்கா. மால போடக் கையத் தூக்கணும்லா?"

அம்மா சிரித்துவிட்டாள். அந்த வருஷங்களில் அவள் வாய்விட்டுச் சிரித்தது எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். சேலையின் உள்முந்தியில் கத்தரியை வைத்தாள். நான் பக்கத்தில் இருந்து துணியை இழுத்துப் பிடித்தேன். வெட்டி முடித்துக் கத்தரியைக் கீழே வைத்த கையோடு மெஷின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். அம்மா நீலச் சேலை கட்டிக்கொண்டு போனாள். அத்தை எங்களைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா பெண்கள் பக்கத்தில், மணவறை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். நகரச் சொல்லி யாராவது வருவார்களோ என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. மாலை மாற்றும்போது பெண் இரண்டு கையையும் நன்றாகத் தூக்கினாள். தாலி ஏறியபோது அம்மாவும் எல்லோரோடும் சேர்ந்து அட்சதை போட்டாள்.

மறுநாள் கப்பல் புறப்பட்டது. கப்பலேறாமல் திரும்பி வந்த நாளிலிருந்து அம்மா ஜெட்டிப் பக்கமே போனதில்லை. அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பெண் முகூர்த்தப் புடவையிலேயே கப்பலேறியிருந்தாள். கப்பல் நகரத் தொடங்கியதும் மேல்தளத்துக் கம்பியோரம் நின்று கையைத் தூக்கி ஆட்டினாள். தன் தாயாருக்குத்தான் ஆட்டினாள், எங்களுக்கு இல்லை. தூக்கிய கைக்குக் கீழே அந்தப் பட்டை தெரிந்தது. மற்ற துணியைவிட ஒரு பிடி மங்கலாக, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தாள்.

"சேலை மட்டும் ஊருக்குப் போகுது" என்றாள். "நான் போகல."

கப்பல் இறக்கிவிட்டுப்போன சரக்கில் கறுப்பு நூல் வந்திருக்கும், தீர்ந்துபோவதற்குள் வாங்க வேண்டும் என்று சொல்லி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஜாருக்கு நடந்தாள்.